கெரென்சியா: ரோந்தா அரங்கில் கேட்ட ஒரு சொல்

தெற்கு ஸ்பெயினின் மலாகாவிலிருந்து பஸ் பிடித்து ரோந்தா என்ற ஊருக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அன்று காளைச் சண்டை கிடையாது. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். காளை சாவதைக் காசு கொடுத்துப் பார்க்க எனக்கு மனம் வராது. ஆனால் 1785-இல் திறந்த அந்தக் கல் அரங்கத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

டிக்கெட் வாங்கினால் மணலிலேயே இறங்கி நடக்கலாம். 66 மீட்டர் விட்டம். சுற்றிலும் இரண்டு அடுக்காகத் தூண்கள், ஆள் அரவம் இல்லை. மஞ்சள் மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. தடுப்பை ஒட்டியே நடந்து, காளையை உள்ளே விடும் கதவருகே வந்தேன். தோரில் என்பார்கள், நம்மூர் வாடிவாசல் மாதிரி. அங்கே நின்றிருந்த பெரியவர் ஒருவர் கதவைத் தட்டிக் காட்டி, "கெரென்சியா" என்றார்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் கொஞ்சம்தான். அவர் கையாலும் காலாலும் சொல்லிவிட்டார். ரத்தம் போய்க் களைத்த காளை, அரங்கில் ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அது தான் வந்த இந்தக் கதவடி. சில காளைகளுக்கு, ஈட்டிக்காரர் ஏறிவந்த குதிரையை முட்டிச் சாய்த்த இடம். துரத்தினாலும் அங்கேயே திரும்பி வரும். முதுகுக்குப் பின்னால் தடுப்பு இருந்துவிட்டால் அது பாய்ந்து ஓடாது, காத்திருக்கும். கிட்டே போகிறவனுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. அதனால்தான் துணியைக் காட்டிக் காட்டி நடுமணலுக்கு இழுக்கப் பார்ப்பார்கள். பெரியவர் குனிந்து, கையைத் தாழ்த்தி, கதவிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து காட்டினார்.

'கெரேர்' என்றால் விரும்புவது. காதலர்கள் சொல்லும் 'தே கியேரோ' இதே வினைச்சொல்தான். அதன் லத்தீன் மூலத்துக்கோ தேடுவது என்று பொருள். கெரென்சியா அரங்கத்துக்கு மட்டுமான சொல்லும் அல்ல. மனிதரோ விலங்கோ வளர்ந்த இடத்துக்கே திரும்பத் துடிப்பதை ஸ்பானிஷில் அப்படித்தான் சொல்கிறார்கள். சாகப்போகும் ஒரு மிருகத்தின் கடைசிப் பிடிவாதத்துக்கு இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

"இந்தக் கதவு காளைக்குத் திரும்பத் திறக்குமா?" என்று கேட்டேன்.

"இந்துல்தோ" என்றார். அதாவது மன்னிப்பு. மிக அபூர்வமாக, அசாத்தியமாகப் போராடிய காளைக்குத் சண்டையை நடத்தும் தலைவரின் இருக்கையிலிருந்து ஆரஞ்சு நிறக் கைக்குட்டையைக் காட்டுவார்கள். அப்புறம் காளை இதே கதவு வழியாக உள்ளே போகும். காயத்துக்கு மருந்து போட்டு, பிழைத்தால், இனவிருத்திக்காகப் பண்ணைக்கே அனுப்பிவிடுவார்கள்.