போனில் எடுத்த ஷாட்டுகள் கெடுத்த லிப் சிங்க்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இறுதியாண்டு புராஜெக்டுக்கான மியூசிக் வீடியோவை ஒருவழியாகச் சமர்ப்பித்துவிட்டோம். படப்பிடிப்பில் ஒரு குறையும் இல்லை. எடிட்டிங்தான் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

பல்லவியில் பாடகியின் உதடு பாட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாம் சரணம் வருவதற்குள் உதடு பாட்டை முந்திக்கொண்டு ஓடியது. கிளிப்பை நகர்த்தினால் சரணம் சரியாகும், பல்லவி கெடும். பாட்டு ஃபைலில்தான் கோளாறு என்று நினைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ் எம்பி3-ஐ விட்டுவிட்டு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல் வாங்கிப் போட்டோம். பலனில்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தோம்: கேமரா ஷாட் எதுவும் விலகவில்லை, போனில் எடுத்தவை மட்டுமே விலகின.

பெரும்பாலான போன்கள் சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்பது 28, 27 என்று இறங்கும், பிறகு ஏறும். இதைத்தான் வேரியபிள் ஃபிரேம் ரேட் என்கிறார்கள். எடிட்டிங் மென்பொருள் எல்லா நொடிக்கும் 30 என்று கணக்குப் போட்டால் குறைந்த ஃபிரேம்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், உதடு முந்தும். பேட்டி வீடியோவில் துண்டு துண்டாக வெட்டும்போது இது தெரியாமலே போகலாம். பாட்டில் ஒரே ஷாட்டை நீளமாக ஓடவிட்டால் உடனே கண்ணை உறுத்தும்.

தீர்வு இலவசம்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃபிரேம் ரேட் 30, பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மாற்றுங்கள். மாற்றிய ஃபைல்களை வைத்து அந்த ஷாட்டுகளை முதலிலிருந்து வெட்ட வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை. எனவே வெட்டத் தொடங்கும் முன்பே ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபைலைத் திறந்து ‘ஃபிரேம் ரேட் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘வேரியபிள்’ என்று இருந்தால் டைம்லைனுக்குள் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்) விடவே விடாதீர்கள்.

அடுத்த அடி கல்லூரி லேபில். ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் டிரைவ் எழுத்து மாறி, டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’, அதாவது ஃபைல் இருக்கும் இடம் மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஃபைல்களை மறுபடி இணைக்க ரீலிங்க் செய்தால் தப்பான ஷாட்டுகள் வந்து உட்கார்ந்தன, ஏனென்றால் கேமராவின் இரண்டு மெமரி கார்டிலும் ஃபைல் பெயர்கள் சி0001 என்றே தொடங்கியிருந்தன. லேப் பொறுப்பாளரிடம் கேட்டால், "உங்க புராஜெக்ட், நீங்கதான்பா பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு ஷாட்டாகக் கையாலேயே கண்டுபிடித்துச் சேர்த்தோம். கார்டிலிருந்து காப்பி எடுக்கும் அன்றே ஃபைல் பெயருக்கு முன்னால் கார்டின் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது.

கடைசியில் பென் டிரைவும் சோதித்தது. துறையில் கேட்டது புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற, தரமும் ஃபைல் அளவும் அதிகமான வீடியோ வடிவம். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஃபுல் ஹெச்டியிலேயே 5 ஜிபி தாண்டிவிட்டது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்ததால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்ததும் ஏறிவிட்டது. சும்மா இருக்கட்டும் என்று அளவு சிறிதான ஒரு எச்.264 நகலையும் அதில் போட்டு வைத்தோம். திரையிடலில் துறைக் கணினி புரோரெஸ்ஸை ஓட்ட முடியாமல் திணறியபோது, கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியது அந்த நகல்தான்.