பெரியப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா?

ஜூன் 8, 2025, ஞாயிறு

கல்லிடைக்குறிச்சி போயிருந்தோம். சாப்பிட்டதும் பெரியப்பா திண்ணைக்கு வராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்லட்டி, அசதி” என்கிறார். பிறகு என் வீட்டுக்காரர் போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னார்: வலது தொடை இடுக்கில் வீக்கம், நின்றால் இறங்குகிறது, படுத்துக் கையால் அமுக்கினால் உள்ளே போய்விடுகிறது. நாலு வருஷமாக! மருந்துக் கடையில் பெல்ட் வாங்கி வேட்டிக்குள் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார். இடம் அந்த மாதிரி இடம் என்பதால் என்னிடம் சொல்லக் கூச்சம். மாத்திரை வாங்கித் தருவது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் நான்தான், என்னிடமே மறைத்திருக்கிறார். 79 வயது.

ஜூன் 11, புதன்

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். நிற்க வைத்து இருமச் சொன்னார்கள், குடலிறக்கம்தான், வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாகக் குடல் பிதுங்கி இறங்குவது. “எப்ப வேணாலும் குடல் மாட்டிக்கும், நாளைக்கே அட்மிட் பண்ணிடுங்க.” 2022இல் இதய ரத்தக் குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் வைத்ததையோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதையோ அவர்கள் கேட்கவே இல்லை. நானே சொன்ன பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். பயத்தில் எனக்குக் கை நடுங்கியது, கோபமும்தான்.

ஜூன் 14, சனி

ஆளுக்கொரு பேச்சு. அத்தை, “இந்த வயசுல போயி கத்தி வைக்கணுமா, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்கிறாள். மஸ்கட்டிலிருந்து அண்ணன், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, உடனே முடித்துவிடு என்கிறான். இரண்டு பேரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள், தெரியும். ஆனால் பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஜூன் 19, வியாழன்

நாலு ராத்திரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன் செய்து மீதிப் பேரைக் கவனித்துக்கொண்டு காத்திருக்க வைத்திருக்கிறார்கள். 2006இல் வெளிவந்த முடிவு. காத்திருந்தவர்களில் குடல் மாட்டி அவசரமாக ஓட வேண்டி வந்தது வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. இதைப் படித்ததும் அப்பாடா என்றிருந்தது, அத்தை சொல்வது சரிதானோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் அதே ஆட்களைப் பத்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்ததையும் படித்தேன். காத்திருந்தவர்களில் 65 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அவர்கள் எல்லாம் தொந்தரவு இல்லாதவர்கள் என்பது. சாப்பிட்டதும் போய்ப் படுக்க வேண்டியிருக்கிற பெரியப்பா அந்தக் கணக்கில் சேர்வாரா?

ஜூன் 24, செவ்வாய்

பாளையங்கோட்டையில் வேறொரு சர்ஜன், வயதானவர். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினார். பெரியப்பா ராத்திரி ஐந்து தடவை எழுந்து முக்கி முக்கிச் சிறுநீர் போவது அந்த அறையில்தான் வெளியே வந்தது. புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி. அப்படி முக்குவது குடலிறக்கத்தையும் பெரிதாக்கும் என்றார். பெல்ட் அமுக்கிப் பிடிக்குமே தவிர குணமாக்காது. அவசரமில்லை, இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றவர், எங்களுக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி ஆனால், நிறம் மாறினால், வாந்தி வந்தால், காற்றுப் பிரியாவிட்டால், எந்த நேரமானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

ஜூன் 29, ஞாயிறு

அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி ஐந்து நாள்கூட ஆகவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ராத்திரி பதினொன்றே காலுக்கு வீட்டுக்காரர் என்னை எழுப்பினார், உள்ளே போகவில்லை. பெரியப்பா மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து வைத்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை. ஆட்டோவுக்குச் சொல்லி, பையில் துண்டும் ரிப்போர்ட்டும் எடுத்து வைத்துவிட்டு நான் நிலைப்படியில் நிற்கிறேன், அவர் முனகலை மட்டும் கேட்டுக்கொண்டு. ஆட்டோ வாசலுக்கு வந்த பிறகு, அவர் பெருமூச்சு விட்டபோது தானாக உள்ளே போய்விட்டது. முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரருக்கு நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினோம், அவர் வாங்கமாட்டேன் என்றார். அதன் பிறகு யாரும் தூங்கவில்லை.

ஜூலை 2, புதன்

இதய டாக்டர் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பம்பிங் பரவாயில்லை, ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, செய்யலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் க்ளோபிடோக்ரலை மட்டும் ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

கல்லிடைக்குறிச்சியில் படித்துறைக்கு அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றில் நல்ல தண்ணீர், எதிர்க்கரையில் கார் நெல் நடவு. பெரியப்பா மேல்படியிலேயே உட்கார்ந்தார், இறங்கவில்லை. மில் வேலைக்குப் போன காலத்திலிருந்து தினமும் இந்த ஆற்றில் குளித்த மனிதர். ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஈர வேட்டி ஒட்டும்லா. அது தெரியும். ரெண்டு வருசமா கொல்லைல குழாய்த் தண்ணிதான்.”

ஆபரேஷன் செய்துகொள்ள இஷ்டமா என்று அப்போதுதான் நேராகக் கேட்டேன். “சாவுக்கு எனக்குப் பயம் இல்லட்டி. மூத்திரக் குழாயோட கட்டில்ல கெடந்து, நீ வந்து அள்ளிக் கொட்டுத மாதிரி ஆயிரக் கூடாது. அதுக்கு வழி இருந்தா பண்ணிக்கிடுதேன்.” நாங்கள் எல்லோரும் இதயத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். அவருடைய பயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

அவர் சொன்னதை அப்படியே சர்ஜனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். வயதானவர்களுக்கு, அதுவும் புராஸ்டேட் இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் அடைப்பது நிஜம்தான் என்றார். முதுகில் ஊசி போட்டால் அதற்கு வாய்ப்புக் கூடுதல். சிறு துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி என்றால் முழு மயக்கம் வேண்டும். அதனால் அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, திறந்து, வலை வைத்துத் தைப்பது. மூன்று வாரத்துக்குப் புராஸ்டேட் மாத்திரை, மலச்சிக்கலுக்கும் மருந்து. நடுவில் 29ஆம் தேதி மாதிரி இன்னொரு தடவை வந்தால் உடனே வர வேண்டும். அடைக்கவே அடைக்காது என்று அவர் சத்தியம் செய்யவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

அத்தை அழுதாள். பெரியப்பாவே போனில் பேசிச் சமாதானம் செய்தார்.

ஜூலை 30, புதன்

காலையில் சம்மதப் படிவத்தை நர்ஸ் என்னிடம் நீட்டினார். பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. உள்ளே டாக்டரோடு பேசிக்கொண்டே இருந்தாராம், நெல் விலையைப் பற்றி.

குழாய் போடவில்லை. மத்தியானம் சிறுநீர் போகவில்லை, சாயங்காலம் போகவில்லை, ஏழு மணிக்கு நர்ஸ் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். எட்டரைக்கு வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா பாத்ரூமுக்கு நடந்தார். நான் வராந்தாவில் நின்றேன். கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது.

“வந்துட்டுட்டி” என்றார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.