யாருடைய ஃபைலில் ஓடியது கார்?

மூளையின் மின்னலைகளை அளந்து, திரையில் காட்டி, அவற்றை மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது மூளையைப் பற்றி அல்ல, தேங்காய் எண்ணெயைப் பற்றி. உளவியல் முடித்த கையோடு சென்னையில் ஒரு தனியார் மனநல கிளினிக்கில் சேர்ந்தேன். டாக்டரிடம் போகிறோமே என்று அம்மாக்கள் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, படிய வாரி அழைத்து வருவார்கள். எண்ணெய்த் தலையில் அலைகளைப் பிடிக்கும் சின்ன உலோக வில்லையான எலக்ட்ரோடு நிற்காது. நின்றாலும் இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை, தேவையான 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. உச்சந்தலையில் முடியை வகிர்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மணல் மாதிரி நறநறக்கும் ஜெல்லைத் தேய்த்து, அப்புறம் பேஸ்ட் வைத்து ஒட்ட வேண்டும். காதில் ஒரு கிளிப். அரை மணி நேர செஷனுக்குக் கால் மணி நேரம் இதற்கே போய்விடும்.

ஒட்டியபின் நடப்பது எளிமையானது. மூளையின் மின்னலைகளை கம்ப்யூட்டர் வேகவாரியாகப் பிரிக்கும். நொடிக்கு 4 முதல் 8 தடவை அடிப்பது தீட்டா, சொக்கிப்போகிற நேரத்து அலை. 13க்கு மேல் பீட்டா, விழிப்பாக இருக்கிற நேரத்து அலை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, துறுதுறுப்புப் பிரச்சினை உள்ள பிள்ளைகள் பலருக்குத் தீட்டா தூக்கலாக இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுந்ததுதான் இந்தப் பயிற்சி. தீட்டா தணிந்து பீட்டா ஏறினால் திரையில் கார் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். எப்படி ஓட்டுவது என்று பிள்ளை கேட்டால் நமக்கும் சொல்லத் தெரியாது. ஒரு சுட்டி பல்லைக் கடித்துக்கொண்டு காரைப் பறக்கவிட்டான். தாடைத் தசையின் மின்சாரம் பீட்டா போலவே பதிவாகும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அது புரிய இரண்டு செஷன் ஆனது.

பலன் இருக்குமா என்று தயங்கும் பெற்றோருக்கு நான் பூனைக் கதை சொல்வேன். 1960களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேரி ஸ்டெர்மன், நொடிக்கு 12 முதல் 15 வரை அடிக்கும் அலையைக் கூட்டுவதற்குப் பூனைகளைப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, பழகிய பூனைகளுக்கு மற்றவற்றைவிடத் தாமதமாகவே வலிப்பு வந்தது. "பூனைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு எதுவும் கிடையாதே" என்று முடிப்பேன். பெற்றோர் தலையாட்டுவார்கள். எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது.

அப்போது 9 வயதுப் பையன் ஒருவன் 40 செஷனுக்கு வந்துகொண்டிருந்தான். தாம்பரம் பக்கமிருந்து அம்மாவோடு மின்சார ரயிலில் வருவான். கையில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம். "இங்க வர்ற நாள்ல மட்டும் பாப்பாவ பாட்டிகிட்ட விட்டுட்டு வருவாங்க அக்கா" என்றான் ஒருநாள், நான் பேஸ்ட் வைத்துக்கொண்டிருந்தபோது. தலையை ஆட்டாதே என்று மட்டும் சொன்னேன்.

இருபதாவது செஷன் தாண்டியிருக்கும். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "மேடம், ரெண்டு வாரமா ஹோம்வொர்க்குக்கு அடமே இல்ல. கிளாஸ் டீச்சரே டைரியில எழுதி அனுப்பியிருக்காங்க." அன்று சாயங்காலம் அவனுடைய முன்னேற்ற வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று பெருமையாகத் திறந்தேன். கடைசி நான்கு செஷன்கள் அதில் இல்லை. தேடினால், பதற்றத்துக்காக வந்துபோகும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் ஃபைலில் இருக்கின்றன. ஒவ்வொருவர் ஃபைலிலும் அவரவருக்கான பயிற்சி அமைப்பு இருக்கும். அவருடைய அமைப்பில், ஓய்வாக இருக்கிற நேரத்து அலையான ஆல்பா கூடினால் கார் ஓடும், வேகமான பீட்டா ஏறினால் நிற்கும். பையனுக்குத் தர வேண்டியதற்கு ஏறக்குறைய எதிர்த்திசை. இரண்டு வாரமாக நான்தான் தவறான ஃபைலைத் திறந்திருக்கிறேன்.

கை சில்லிட்டுவிட்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேரன்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க, நாலு செஷன் கட்டணமில்லாம சேர்த்துக் குடுத்துடலாம்" என்றார். மறுநாள் அந்த அம்மாவிடம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அதையே போடுங்களேன் மேடம்?"

சில காலம் கழித்து, 2021இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவில் இரண்டு மையங்களில் 7 முதல் 10 வயதுள்ள 144 பிள்ளைகள், ஆளுக்கு 38 செஷன். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு எல்லாம் அதே மாதிரி, ஆனால் திரையை ஓட்டியது முன்பே பதிவு செய்யப்பட்ட வேறொருவரின் அலைகள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு குழுவுமே நன்றாகத் தேறின. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறொருவரின் அலைகள் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன்.

வேலையை விடவில்லை. பூனைக் கதையை விட்டுவிட்டேன். "நிறையப் பிள்ளைங்க தேறுறாங்க. மெஷினாலதான்னு என்னால சொல்ல முடியாது. டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்கிறேன். சிலர் கட்டண அட்டையை வாங்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவதில்லை. ரிசப்ஷனில் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு மாற்றமும் உண்டு. செஷன் தொடங்குமுன் திரையில் இருக்கும் ஃபைல் பெயரைப் பிள்ளையையே உரக்க வாசிக்கச் சொல்கிறேன். சிலர் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பார்கள். அந்நேரத்துக்குள் காது கிளிப்பை மாட்டிவிடலாம்.