கடவுளும் அறமும் 150 சொற்களும்: சமயத் தத்துவம் படிப்பவர்களுக்கு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள், இரண்டாம் தாளின் சமயத் தத்துவப் பகுதிக்கு வந்ததும் சற்று மூச்சு விடுவார்கள். கடவுள், ஆன்மா, நம்பிக்கை, அறம் எல்லாம் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த சொற்கள். ஹெகலும் விட்கென்ஸ்டைனும் மிரட்டுவது போல அவை மிரட்டுவதில்லை. அந்த நிம்மதிதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்பேன். அறத்தை வைத்துக் கடவுளை நிறுவும் வாதத்தில் இது இன்னும் அதிகம். தெரிந்த விஷயம்தானே என்று பேனாவை எடுத்தால் விடை மேடைப் பேச்சாகிவிடும். நான் தமிழில் தேர்வு எழுதியவன். பாடத்திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது. எப்படிப் படித்தால் பிடிபடும் என்று சொல்கிறேன்.

முதலில் வாதத்தை மூன்று வரிகளில் எழுதிப் பாருங்கள். கடவுள் இல்லையென்றால் புறவயமான அற மதிப்புகளும் கடமைகளும் இல்லை. அவை இருக்கின்றன. ஆகவே கடவுள் இருக்கிறார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் லேன் கிரெய்க் இந்த வடிவத்தில்தான் இதை முன்வைக்கிறார். தர்க்க வடிவில் குறையே இல்லை. முதல் இரண்டு கூற்றுகளையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எனவே முடிவை எதிர்த்துப் பத்தி பத்தியாக எழுதிப் பயனில்லை. எந்தக் கூற்றை, என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதைத்தான் திருத்துபவர் தேடுவார்.

புறவயம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள். அடிமை முறை சரியானது என்று ஒரு காலத்தில் எல்லா மனிதர்களும் நம்பியிருந்தாலும் அது அப்போதும் தவறுதான் என்று சொன்னால், நீங்கள் அறத்தைப் புறவயமானதாகக் கொள்கிறீர்கள். மனிதர் ஏற்பதாலும் மறுப்பதாலும் அது மாறாது. இந்த ஒரு வரி இல்லாத விடைகள், பண்பாட்டுக்குப் பண்பாடு அறம் மாறுகிறது என்று எழுதிவிட்டு வாதமே முறிந்துவிட்டதாக முடித்துக்கொள்கின்றன. மக்கள் வெவ்வேறாக நம்புவதால் உண்மையும் வெவ்வேறு என்று ஆகிவிடாது.

இன்னொரு பொறியும் உண்டு. நாத்திகர் நல்லவராக வாழ முடியாதா என்று கோபத்தோடு கேட்டு அரைப் பக்கத்தைச் செலவழிப்பது. அவரால் முடியும் என்பதைக் கிரெய்க்கே ஒப்புக்கொள்கிறார். கடவுளை நம்பாமல் அறத்தை அறிய முடியுமா, கடைப்பிடிக்க முடியுமா என்பவை வேறு கேள்விகள். கடவுள் இல்லாத உலகில் அறத்துக்கு அடித்தளம் எது என்பதே இங்கே கேள்வி. இந்த வேறுபாடு கைவந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்து, குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி அந்த மூன்று வரிகளை இடைவெளி விட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கூற்றையும் மறுப்பவர் பெயரை அதன் பக்கத்தில் குறியுங்கள். இரண்டாம் கூற்றுக்கு எதிரே தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி வருவார். புறவய மதிப்புகள் என்று எதுவும் இல்லை என்பது 1977-இல் வந்த அவருடைய அறவியல் நூலின் வாதம். சுவையான செய்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. 1982-இல் வெளியான அடுத்த நூலில், அப்படிப்பட்ட மதிப்புகள் இருந்தால் அவை கடவுள் இருப்பதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கடவுளை மறுப்பவர் எதிர்த்தரப்பின் முதல் கூற்றுக்கு ஏறக்குறையக் கை கொடுக்கும் இடம் இது. இதை விடையில் ஒரு வரியாகச் சேருங்கள். நூலை உள்ளே இறங்கிப் படித்தவர் எழுதியது என்று தெரியும்.

என் கணக்கில் உண்மையான போர்க்களம் முதல் கூற்றுதான். பெரும்பாலோர் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் கூற்றுக்குள் நுழைய பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலை முழுதாகப் படியுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். கையேடுகள் அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் பிய்த்துத் தருகின்றன. கதை தெரிந்தால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். நாக்சோஸ் தீவில் குடித்திருந்த கூலியாள் ஒருவன் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிடுகிறான். யூதிஃப்ரோவின் தந்தை அவனைக் கை கால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்க ஏதென்ஸுக்கு ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் பசியாலும் குளிராலும் அவன் இறந்துபோகிறான். அதற்காகப் பெற்ற தந்தை மீதே கொலை வழக்குப் போட வந்திருக்கிறான் மகன், தெய்வங்களுக்கு உகந்தது எது என்பது தனக்குத் தெரியும் என்ற உறுதியோடு. அவனிடம்தான் சாக்ரட்டீஸ் கேட்கிறார்: புனிதமானது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா?

இதை அறத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கடவுள் கட்டளையிடுவதால் மட்டுமே ஒன்று நல்லது என்றால், அவர் கொடுமையைக் கட்டளையிட்டிருந்தால் கொடுமை நல்லதாகியிருக்கும். நல்லது என்பதால்தான் கட்டளையிடுகிறார் என்றால், நன்மை கடவுளுக்கு முன்பே நிற்கிறது. பெரும்பாலான விடைகள் இங்கே முடிந்துவிடுகின்றன. நீங்கள் முடிக்காதீர்கள். ராபர்ட் ஆடம்ஸ் போன்ற இக்காலத் தத்துவ அறிஞர்கள் தரும் பதில், நன்மை கடவுளுக்கு வெளியே இல்லை, அவருடைய இச்சையிலும் இல்லை, அவருடைய இயல்பே நன்மையின் அளவுகோல் என்பது. வில்லியம் ஆல்ஸ்டன் இதற்குப் பாரிஸில் வைத்திருந்த மீட்டர் கோலை எடுத்துக்காட்டுவார். ஒரு மீட்டர் என்பதை விளக்க அந்தக் கோலைக் காட்டலாம். கோல் ஏன் ஒரு மீட்டர் என்று மேலும் கேட்க முடியாது. விளக்கம் எங்கோ ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். எரிக் வீலன்பெர்க் இந்தப் பதிலையே திருப்பிப் போடுகிறார். விளக்கம் ஓரிடத்தில் நிற்கலாம் என்றால், வேறு ஆதாரம் தேவைப்படாத அடிப்படை அற உண்மைகளிலேயே நிற்கட்டுமே, கடவுள் வரை ஏன் போக வேண்டும்? இந்த நான்கு நகர்வுகளையும் வரிசை மாறாமல் எழுதினால் விடைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். அறவிதி கடவுளிடமிருந்து வருகிறது என்று காண்ட் சொன்னதாக எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர் சொன்னது நேர் எதிர். அறவிதியைப் பகுத்தறிவு தனக்குத்தானே இட்டுக்கொள்கிறது. 1781-இல் கடவுளுக்கான கோட்பாட்டு நிரூபணங்களை மறுத்தவர், 1788-இல் செயலறிவு பற்றிய நூலில் கடவுளை வேறு வாசல் வழியாகக் கொண்டுவருகிறார். நற்குணமும் அதற்குத் தகுந்த மகிழ்ச்சியும் சேர்ந்ததே முழுமையான நன்மை. அதை நோக்கி உழைப்பது நம் கடமை. கடமை என்றால் அது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் நல்லவனுக்கு நல்லது நடக்கும் என்று இயற்கை எந்த உறுதியும் தருவதில்லை. எனவே இரண்டையும் பொருத்தித் தரும் ஒருவரை நாம் கொண்டாக வேண்டும். இது நிரூபணம் அன்று. செயலுக்குத் தேவையான நம்பிக்கை. இந்த ஒரு சொற்றொடர் விடுபட்டால் விடையே திசை மாறிவிடும்.

காண்ட் மீதான விமர்சனத்தைத் தமிழில் எழுதுபவர்களுக்குப் புறநானூற்றின் 134-ஆம் பாட்டு கைகொடுக்கும். ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்று வள்ளல் ஆயைப் பற்றிச் சொல்கிறார் ஏணிச்சேரி முடமோசியார். பலனுக்காகச் செய்யும் அறத்தை வணிகம் என்று அவர் சொல்லும்போது, கடமையைக் கடமைக்காகச் செய் என்ற காண்ட்டின் குரல் பக்கத்திலேயே கேட்கிறது. அப்படியானால் பரிசளிக்கும் கடவுளைக் காண்ட் பின்னால் சேர்ப்பது அறவிலை வணிகத்துக்கு இடம் கொடுப்பதாகாதா? காண்ட் தரப்பில் இதற்குப் பதில் உண்டு. மகிழ்ச்சி செயலுக்கான தூண்டுதலாக வருவதில்லை, உலகம் நியாயமாக அமைவதற்கான நிபந்தனையாக வருகிறது. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: ஆய் கொடுத்தது ‘சான்றோர் சென்ற நெறி’ என்பதால். அது மரபு; பகுத்தறிவு தனக்குத்தானே விதி இட்டுக்கொள்ளும் காண்ட்டின் தன்னாட்சி அன்று. ஒற்றுமையைக் காட்டும் ஆவலில் இந்த வேறுபாட்டை அழித்துவிடக் கூடாது.

இந்திய மரபை ஒதுக்கிவிடாதீர்கள்; பாடத்திட்டம் இரண்டு மரபுகளையும் பெயர் சொல்லியே கேட்கிறது. நியாய மரபின் உதயணர், செயலுக்கும் பலனுக்கும் நடுவே நிற்கும் அதிருஷ்டம் (கண்ணுக்குப் புலப்படாத வினையாற்றல்) அறிவற்றது, அதை இயக்க அறிவுள்ள ஒருவர் வேண்டும் என்று வாதிடுகிறார். வினை சடம், இறைவனே அதன் பயனைக் கூட்டுவிக்கிறான் என்னும் சைவ சித்தாந்தமும் இதே பக்கம் நிற்கிறது. வேதச் சடங்குகளுக்கு விளக்கம் தரும் மரபினரான மீமாம்சகர் வேதத்தை ஏற்றும் ஈசுவரனை ஏற்பதில்லை. அபூர்வம் என்னும் ஆற்றலே பலனைத் தரும் என்பார்கள். பௌத்தத்துக்குப் படைப்புக் கடவுளே இல்லை. ஆனால் ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லும் மணிமேகலை பௌத்தக் காப்பியம். கடவுள் இன்றி அறம் உறுதியாக நிற்க முடியுமா என்ற வினாவுக்கு இவை மேலை மரபு எளிதில் தராத சான்றுகள். நம் அற உணர்வு பிழைத்திருப்பதற்காகப் பரிணாமத்தில் உருவானது, அதனால் அது உண்மையைக் காட்டும் என்று நம்ப முடியாது என்னும் வாதம் பற்றி ஓரிரு வரி போதும்.

எழுத்துப் பயிற்சிக்கு வருகிறேன். ஐந்தாம் வினா கட்டாயம். அதில் 10 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 150 சொற்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் அதற்குள் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. வினா காண்ட்டைக் கேட்டால் யூதிஃப்ரோவுக்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆங்கில நூலைப் படித்தாலும் குறிப்பை முதல் நாளிலிருந்தே தமிழில் எழுதுங்கள். கடைசி மாதத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் வாதம் சிதறிவிடும்.

முடிவுரையில், இது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது என்று எழுதித் தப்பிக்காதீர்கள். அந்த வாக்கியம் வினாவையே கைவிடுகிறது. என் முடிவு, இரண்டாம் கூற்று உண்மை, முதல் கூற்று நிறுவப்படவில்லை என்பது. கடவுளின் இயல்பை நல்லது என்று சொல்லும்போதே நன்மை என்றால் என்ன என்று நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டுவேன். ஆடம்ஸின் பக்கம் நிற்பவர், நன்மையை அறிவது முந்தி வரலாம், அடித்தளம் கடவுளாகவே இருக்கலாம் என்று எனக்குப் பதில் எழுதலாம். அதுவும் முழு மதிப்பெண்ணுக்குத் தகுதியான முடிவுரைதான்.