இழையில் நிற்கும் சக்கரம்: மினியாபோலிஸ் நாட்குறிப்பு

மார்ச் 9

மகளின் மலைச் சைக்கிளுக்காக வாங்கிய இழை ஸ்போக்குகள், அதாவது சக்கரத்தின் மையத்தை விளிம்போடு கட்டும் ஆரங்கள், வந்துவிட்டன. சமையலறைத் தராசில் ஒன்றை மட்டும் வைத்தபோது ஏறத்தாழ இரண்டரை கிராம் காட்டியது. நடுப்பகுதி மெலிந்த எஃகுக் கம்பி ஒன்று ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 56 என்று கணக்கிட்டால், மிச்சமாவது 180 கிராம் அளவுக்கு வருகிறது. அந்த எடைக்காகத்தான் இவ்வளவு செலவு செய்தேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. எடை மட்டுமே நோக்கமென்றால் டயரை மாற்றியே அதைப் பெற்றிருக்கலாம். ஓரத்தில் குறையும் எடை, நடுவில் பரவியிருக்கும் ஸ்போக்கில் குறையும் எடையைவிட அதிகப் பயன் தரும். எனக்கு வேண்டியது வேறு. கல்லிலும் வேரிலும் மோதும்போது எழுகிற நுண்ணதிர்வை எஃகு அப்படியே கைப்பிடி வரைக்கும் கடத்திவிடும். இந்த இழை அதில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்கிறது. மகளின் அடிபட்ட தோளுக்கு அது இப்போது முக்கியம்.

மார்ச் 10

பொருள் என்னவோ பாலிஎத்திலீன்தான், கடைப் பைகளின் அதே குடும்பம். ஆனால் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. 1979இல் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவன ஆய்வகத்தில் அவற்றைக் கரைசலாக்கி, கூழ்மமாக இழுத்து, இழையின் திசையிலேயே நேராக நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். டைனீமா என்ற பெயரில் கப்பல் கயிறுகளுக்கும் குண்டு துளைக்காத அங்கிகளுக்கும் போகிற அதே இழையைக் குழல் போலப் பின்னி, எங்கள் மினசோட்டா மாநிலத்துப் பெர்ட் நிறுவனம் மலைச் சைக்கிள் சக்கரங்களுக்கான ஸ்போக்காகச் செய்கிறது. பின்னலின் ஒரு முனைக்குள் மரையிட்ட எஃகுத் தண்டு நுழைந்திருக்கிறது. இழுக்க இழுக்கப் பின்னல் சுருங்கித் தண்டை மேலும் இறுக்கிப் பிடிக்கும் என்பதால் அந்த இணைப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. மறுமுனை ஒரு கண்ணி.

ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. அடர்த்தி 0.97, எஃகில் எட்டில் ஒரு பங்கு.

மார்ச் 12

இன்று முழுவதும் ஹப்பின், அதாவது சக்கர மையத்தின், துளைகளோடு போயிற்று. எஃகுக் கம்பிக்கு அந்தத் துளையின் விளிம்பு கூராக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் காலப்போக்கில் அலுமினியம்தான் கம்பியின் வளைவுக்கு ஏற்பப் பணிந்துபோகும். இழையிடம் அந்த அதிகாரம் கிடையாது. நீளவாக்கில் எவ்வளவு வலுவோ, கூரான விளிம்பில் குறுக்காக அறுபடுவதற்கு அவ்வளவுக்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு துளையின் இருபுறமும் நுண்ணிய உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, பிறகு பஞ்சைத் திரித்து உள்ளே இழுத்துப் பார்த்தேன். பஞ்சு எங்கே சிக்கியதோ அங்கே மீண்டும் தேய்ப்பு. இரவு உணவுக்குப் பிறகும் மனம் கேட்காமல் கராஜுக்குப் போய்ப் பின் ஹப்பின் இடப்பக்கத்தை மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 13

அவள் தோளின் எக்ஸ்ரே 20ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

மார்ச் 15

முன்சக்கரம் கட்டி முடிந்தது. விளிம்பில் ஸ்போக்கை இறுக்கும் நிப்பிளைத் திருகும்போது ஸ்போக்கின் மரைமுனையும் கூடவே சுழன்றுவிடுகிறது, இழைக்கு முறுக்கை எதிர்க்கும் வலிமை இல்லையே. முனையைக் குறடால் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டியிருக்கிறது. கோட்டம் எடுப்பது எதிர்பார்த்ததைவிட எளிதாக அமைந்தது. இறுதியில் வேண்டிய இழுவிசையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இறுக்கி, ஒவ்வொரு ஸ்போக்கையும் விரலால் மீட்டி, கைப்பேசிச் செயலியில் சுருதியைக் குறித்துவைத்தேன். எஃகின் கணீரென்ற ஒலி இதில் வராது. மந்தமாக எழுந்து உடனே அடங்கிவிடுகிறது.

மார்ச் 16

எல்லாம் இறங்கியிருக்கிறது. சில இடங்களில் அரை ஸ்வரத்துக்கும் மேல். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், அரை ஸ்வரம் இறங்கியது என்றால் இழுவிசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

இது எதிர்பார்த்ததுதான். முதலில் பின்னலின் புரிகள் ஒன்றோடொன்று படிந்து அமர்கின்றன. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, தொடர்ந்து பாரம் தாங்கும்போது பாலிஎத்திலீன் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மெல்ல மெல்ல நீள்வது. முன்னது சில நாட்களில் ஓய்ந்துவிடும். பின்னது குறையுமே தவிர முற்றிலும் நிற்காது. வெப்பம் கூடினால் விரைவுபடும், பாரம் கூடினாலும் விரைவுபடும். ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் இந்தச் சக்கரம் கிடந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொண்டே மறுபடி இறுக்கினேன்.

மார்ச் 17

இன்றும் இறக்கம், ஆனால் நேற்றைவிடக் குறைவு.

மார்ச் 19

விடியற்காலையில் கராஜில் கடுங்குளிர். மீட்டிப் பார்த்தால் மீண்டும் சுருதி இறங்கியிருந்தது, எல்லா ஸ்போக்கிலும் ஒரே அளவில். திருகுவதற்குக் கையை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். வழுக்கலால் வரும் இறக்கம் இப்படிச் சீராக இருக்காது. சக்கரத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்து சாய்த்துவைத்தேன். மதியத்துக்குள் சுருதி தானாகவே ஏறிவிட்டது. இந்த இழை குளிரில் நீள்கிறது, சூட்டில் சுருங்குகிறது, உலோகத்துக்கு நேர்மாறாக. அலுமினிய ரிம்மோ, அதாவது விளிம்போ, குளிரில் சுருங்குகிறது. ஆகவே குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து சக்கரத்தைத் தளர்த்துகின்றன. கார்பன் ரிம் ஏறக்குறைய அசையாமலே இருக்கும் என்பதால் அதில் இந்த வேறுபாடு பாதிக்கும் கீழே வந்துவிடும். அந்த விலைக்கு நான் போகவில்லை. சமையலறையில் சக்கரம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த விளக்கம் முழுவதையும் சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 20

எலும்பு கூடிக்கொண்டிருக்கிறதாம். இன்னும் பொறுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

மார்ச் 22

பனி உருகிக்கொண்டிருக்கிறது, மலைச் சைக்கிள் தடங்கள் எல்லாம் மூடல். ஈர மண்ணில் சக்கரத் தடம் பதிந்தால் கோடை முழுவதும் இறுகிக் கிடக்கும் என்பதால் அது சரிதான்.

சக்கரத்தில் நூலை நம்புவதா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காக ஒன்றை எழுதிவைக்கிறேன். 1808இல் ஆங்கிலேய விமான முன்னோடி ஜார்ஜ் கெய்லி தம் பறக்கும் இயந்திரத்துக்கு இலேசான சக்கரம் வேண்டுமென்று யோசித்தபோது, மர ஆரங்களை முழுவதும் நீக்கிவிட்டு, இறுக்கிய கயிறுகளால் விளிம்பை மையத்தோடு கட்டலாம் என்றுதான் குறிப்பேட்டில் எழுதினார். சைக்கிளுக்குக் கம்பி வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. கம்பியும் அழுத்தத்தைத் தாங்குவதில்லை, அழுத்தினால் வளைந்துவிடும். தரையைத் தொடும் இடத்தில் ஏற்கெனவே உள்ள இழுவிசை சற்றுக் குறைகிறது, அவ்வளவே. அது சுழியமாகாத வரையில் சக்கரம் நிற்கும். ஆகவே வலிமை கேள்வியே அல்ல, இழுவிசை எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி.

1990 வாக்கில் அமெரிக்கப் பந்தய வீரர் ஜான் டோமக் பின்பக்கத்தில் கெவ்லார் என்ற வலுவிழை நாண்களால் ஆன டியோகா நிறுவனத் தட்டுச் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மலைத்தடங்களில் பந்தயம் ஓட்டினார். அது வருகிறது என்று முரசு போன்ற ஒலியே முன்கூட்டி அறிவித்துவிடும்.

மார்ச் 24

தூக்கம் வரவில்லை. ஸைலான் நினைவுக்கு வந்துவிட்டது. டைனீமாவைவிட வலுவான இழை அது, அங்கிகளில் போட்டார்கள். ஈரத்திலும் வெளிச்சத்திலும் அது வலுவிழப்பதைக் கண்டு, 2005இல் அமெரிக்கத் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் அந்த அங்கிகளுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. சக்கரம் செய்யும் ஸ்பினர்ஜி அதே இழையை உறைக்குள் மூடித்தான் பயன்படுத்துகிறது. பாலிஎத்திலீன் நீரை உறிஞ்சாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். காலப்போக்கில் அதற்கு வரும் குறை வழுக்கல் ஒன்றே. அதையாவது விரலால் மீட்டி அறிந்துகொள்ள முடிகிறது.

மார்ச் 27

பின்சக்கரமும் முடிந்தது. புதிய கவலை: பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிச் சங்கிலி உள்ளே விழுந்தால் எஃகில் கீறல் விழும், இதில் வெட்டு விழும். கியர் எல்லைத் திருகை இருமுறை சரிபார்த்தேன். பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவே வரும், எல்லாரும் கேலி செய்து கழற்றி எறிகிற அந்தப் பிளாஸ்டிக் தட்டை நான் மாட்டப்போகிறேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மார்ச் 30

ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பா, அதோட நான் ஸ்டார்ட் லைனுக்குப் போக மாட்டேன்" என்றாள். பிறகு இடக்கையால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்து, வெள்ளை எதற்கு, கயூனாவின் செம்மண்ணில் ஒரே நாளில் நிறம் மாறிவிடுமே என்றாள். பழைய இரும்புச் சுரங்கங்களின் மண் அது, மாறத்தான் செய்யும். இந்த இழையில் சாயம் எளிதில் ஏறாது, ஆனால் பின்னலின் இடுக்கில் சேறு உட்காரும். வலக்கையை அவள் தூக்கவே இல்லை.

தட்டு மாட்டியபடியே இருக்கிறது.

ஏப்ரல் 2

சுருதி நான்கு நாட்களாக அசையவில்லை. சமையலறையில் மாட்டிய சக்கரத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், ஆள் ஏறவில்லை. அதனால் இன்று தெருவில் நானே ஒரு சுற்றுப் போய்வந்தேன், அவளைவிட நான் முப்பது கிலோ கூடுதல். முன்சக்கரம் அப்படியே. பின்சக்கரத்தில் கியர்ப் பக்கம் நின்றது, இடப்பக்கத்தில் இரண்டு ஸ்போக்குகள் மட்டும் சற்று இறங்கியிருக்கின்றன. துளை விளிம்பா, வெறும் படிவா? நாளை கழற்றிக் கண்ணியைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 3

கண்ணியில் வெட்டு இல்லை. இறுக்கினேன். அடுத்த எக்ஸ்ரே திங்கட்கிழமை.