மப்பும் மந்தாரமுமான நாட்களில்

அக்டோபர் 6

மூத்த மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதே வாரத்தில் வானமும் மப்பும் மந்தாரமுமாக மாறிவிட்டது. எதிலும் கை ஓடவில்லை. அவள் ஆசைப்பட்ட வேலைதானே, சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, கல்யாணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45, பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்கு 29. பெரிய சாதனை செய்வதற்குக்கூட 28 உண்டு! நல்ல மாற்றமானாலும் அதற்குப் பழக உடம்பும் மனசும் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் அழுகை வந்தால் அழுதுவிடுகிறேன், யாருக்கும் காரணம் சொல்வதில்லை.

அக்டோபர் 9

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். தூக்கம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, எழுவது ஓரளவு நம் கையில்தான். எழுந்ததும் வெளியே போய்விட வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; மூட்டமான காலையில்கூட வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும், விளக்குப் போட்ட வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறுதான். இரண்டு வெளிச்சத்துக்கும் கண் பழகிக்கொள்வதால் நமக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குத் தெரியும், அது இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் இரவில் தூக்கத்துக்கு நேரம் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதைச் சரிசெய்துகொள்கிறது.

பகல் குறுகும் பருவத்தில் வரும் மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் தனியாக விவரித்து எழுதினார்கள். அதற்குக் காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். இருமுனை மனநோய் (மனம் சில காலம் மிகவும் சோர்ந்தும் சில காலம் அளவுக்கு மீறி எகிறியும் போகும் நோய்) உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கவே கூடாது, மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம்.

அக்டோபர் 15

விடாத மழை. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு அவ்வளவுதான், போதும்.

அக்டோபர் 21

வருத்தம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை, அதற்கென்று ஒரு வேளை இருக்கிறது. எனக்கு அது சாயங்காலம், அவள் வீடு திரும்பி செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பிக்கும் நேரம். உங்களுக்கு ராத்திரியாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாக இருக்கலாம். அது எந்த நேரம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் நாள் முழுவதையும் சரிசெய்ய வேண்டியதில்லை, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு வேலை வைத்தால் போதும். நான் தங்கையோடு நடக்கப் போகிறேன். "மனசு வந்தால் வா" என்று சொல்லாமல் வாசலில் வந்து நின்றுவிடுகிறாள், அதுதான் சரி. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் இதற்கு இடம் உண்டு: மனசு வரும்வரை காத்திருக்காமல் சின்னதாக ஒரு செயலைத் தொடங்கிவிடுவது, மனசு பின்னால் வரும்.

மகளிடம் பேசுவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டோம். அந்த நேரத்தில் அவளும் நிதானமாக இருக்கிறாள்.

அக்டோபர் 29

பணி ஓய்வு பெற்ற தோழி ஒருத்தி இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, நடந்தும் பார்த்துவிட்டேன், எதுவும் பலிக்கவில்லை என்றாள். அவளுக்கு நாளின் பெரும்பகுதி சோர்வு, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருக்கின்றன. இப்படிக் கிட்டத்தட்ட தினமும் 2 வாரத்துக்கு மேல் போனால் வெளிச்சம், நடை என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வந்தால் 2 வாரமெல்லாம் கணக்கே இல்லை, அன்றைக்கே போக வேண்டும். அவளிடமும் நேராகவே கேட்டேன், அப்படி நினைப்பு இல்லை என்றாள். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். நானும் கூடப் போகிறேன்.