நீளமான துண்டை முதலில் தேடுங்கள்

அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று வருடங்களுக்கு முன்பு அண்ணனைப் பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டி எகானமியில் போய் இறங்கியபோது பாதம் வீங்கி, கழற்றி வைத்த செருப்பு திரும்ப நுழையவில்லை. சக்கர நாற்காலி வரும்வரை விமானத்தின் வாசலிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "அடுத்த தடவை உன்னைப் படுக்க வைத்துத்தான் கூட்டிப் போவேன்மா." "எதுக்குடா அவ்வளவு காசு?" என்றாள்.

காசு கொடுத்து இரண்டு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வேலை விஷயமாகப் பறந்து சேர்ந்த மைல்களும் கார்டில் சேர்ந்த பாயின்ட்களும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருந்தன. பாயின்ட் சேர்ப்பது எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்த்த பாயின்டுக்கு ஒரு சீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிளம்பும் ஊர், போய்ச் சேரும் ஊர், ஒரு தேதி, இரண்டு பேர், பிசினஸ் என்று போட்டுத் தேடினேன். ஒன்று, எதுவுமே வராது. அல்லது வழக்கமான அளவைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு பாயின்ட் கேட்கும். தேதியை ஒரு நாள் தள்ளுவேன், மறுபடி அதே பதில். பாயின்ட் என்பதெல்லாம் சும்மா ஆசை காட்டும் வேலை என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் சீட் எப்படித் திறக்கிறார்கள் என்பதைப் படிக்க ஆரம்பித்தேன். விஷயம் ரொம்ப எளிது. விமானத்தின் கதவு மூடிய பிறகு காலியாகப் போகும் சீட்டால் நிறுவனத்துக்கு ஒரு பைசா வராது. அதனால் காசுக்கு விற்காது என்று அவர்களுடைய கணக்கு சொல்லும் சீட்களை மட்டும் குறைந்த பாயின்டுக்குத் திறந்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 264 சீட் கொண்ட போயிங் 777-300இஆர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிசினஸில் 48 சீட், ஃபர்ஸ்ட் கிளாஸில் 4 சீட். அந்த 48-இல் குறைந்த பாயின்டுக்குத் திறப்பது கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவுதான். சில நாள்களில் ஒன்றுகூட இருக்காது.

திறக்கும் நேரத்துக்கும் ஒரு போக்கு உண்டு. பயண அட்டவணை முதன்முதலாக விற்பனைக்கு வரும் நாளில் சில சீட்கள் வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அது 331 நாள்களுக்கு முன்பு, யுனைடெட்டில் 337 நாள், பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் 355 நாள். பிறகு நடுவில் பல மாதம் வறட்சி. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, இனி விற்காது என்று தெரிந்த சீட்கள் மறுபடி வெளியே வரும். நடுவில் உள்ள மாதங்களிலும் நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. யாராவது ரத்து செய்தாலோ, பெரிய விமானமாக மாற்றினாலோ திடீரென்று இரண்டு சீட் முளைக்கும். போகும் பயணத்துக்கு எனக்குக் கிடைத்தது அப்படி நடுவில்தான்.

இன்னொன்றும் எனக்கு அதுவரை சரியாகப் புரிந்திருக்கவில்லை. பாயின்ட் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பது வேறு, ஏறும் விமானம் எது என்பது வேறு. 1997-இல் ஐந்து விமான நிறுவனங்கள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை ஆரம்பித்தன. 1999-இல் ஒன்வேர்ல்டும் 2000-இல் ஸ்கைடீமும் வந்தன. ஒரே கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தின் பாயின்டை வைத்து மற்றொன்றின் விமானத்தில் ஏறலாம். ஆக, ஒரே சீட்டை மூன்று நான்கு நிறுவனங்களின் பாயின்ட் திட்டங்கள் வழியாக வாங்க முடியும், ஒவ்வொன்றிலும் கேட்கும் பாயின்ட் வேறு. டிக்கெட்டோடு கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும் வேறு. சில திட்டங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை நம் தலையில் வைக்கும். யுனைடெட்டின் மைலேஜ்பிளஸும் ஏர் கனடாவின் ஏரோபிளானும் அதை வசூலிப்பதில்லை. பாயின்ட் குறைவு என்று ஒரு திட்டத்தை நம்பிக் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே நிற்கும் கட்டணத்தைப் பார்த்துத் திரும்பி வந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

எல்லா சீட்டும் கூட்டணியில் எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நீண்ட தூர ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்களைப் பெரும்பாலும் தன் பாயின்ட் திட்டமான கிரிஸ்ஃப்ளையரின் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது. இது தெரியாமல் வேறு திட்டத்தில் மாதக்கணக்கில் தேடினால் நேரம்தான் போகும்.

சரி, தேடும் முறைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான். ஊரிலிருந்து ஊருக்குத் தேடாதீர்கள். பயணத்தின் நீளமான துண்டை, உடம்பு படுத்தே ஆக வேண்டிய அந்த எட்டு பத்து மணி நேரத்தை, முதலில் தனியாகத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் மற்றதைக் கோத்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டில் கோடு போட்டு ஸ்டார் அலையன்ஸின் ஐரோப்பிய மையங்களை எழுதினேன்: ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக், சூரிச், வியன்னா, பிரஸ்ஸல்ஸ், லிஸ்பன், வார்சா, இஸ்தான்புல். ஒவ்வொன்றிலிருந்தும் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களை மட்டும், அண்ணன் ஊருக்கு மட்டுமல்லாமல் அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மற்ற ஊர்களுக்கும் பார்த்தேன். தேதியையும் ஒரு நாளாக வைக்காமல் ஐந்து வாரமாக விரித்தேன். முதலில் ஒரே ஒரு பேருக்குத் தேடுவேன். இது முக்கியம். இரண்டு பேருக்குத் தேடும்போது ஒரு சீட் மட்டும் திறந்திருந்தால் அந்த விமானமே கண்ணில் படாது. ஒருவருக்குத் தேடினால் எந்த வழியில், எந்தக் கிழமையில் உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். செவ்வாய், புதன் கிழமைகளில் வெள்ளி, ஞாயிறைவிட நிறையத் தெரிந்தது.

பல திட்டங்களை ஒரே இடத்தில் காட்டும் சீட்ஸ்.ஏரோ மாதிரியான தளங்கள் இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கும். ஆனால் அவை காட்டுவது எப்போதோ எடுத்து வைத்த படம். பார்த்ததும் அந்தந்தத் திட்டத்தின் தளத்துக்கே போய் உறுதி செய்துகொள்ள வேண்டும். எக்ஸ்பர்ட்ஃப்ளையர் என்ற தளத்தில் குறிப்பிட்ட விமானத்துக்கு அலர்ட் போட்டு வைக்கலாம். அங்கே எழுத்துகளாகத் தெரியும்: ஸ்டார் அலையன்ஸில் பாயின்டுக்கான பிசினஸ் சீட் 'ஐ', ஃபர்ஸ்ட் கிளாஸ் 'ஓ', எகானமி 'எக்ஸ்'. ஐ-க்குப் பக்கத்தில் 2 என்று இருந்தால் இரண்டு சீட் காத்திருக்கிறது என்று பொருள். சுழியம் என்றால் நாளைக்குப் பார்க்கலாம்.

இப்படித் தேட ஆரம்பித்த பதினோராம் நாள் இரவு வியன்னாவில் அது தெரிந்தது. ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ், புதன்கிழமை, ஐ-க்குப் பக்கத்தில் 2. அரை நிமிடம் திரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே கார்டு பாயின்டை விமான நிறுவனத்தின் திட்டத்துக்கு மாற்றிவிடவில்லை. அதற்குக் காரணம் முந்தைய வருடத்து அடி. அப்போது ஒரு திட்டத்தின் தளத்தில் இரண்டு சீட் தெரிந்தது. அவசரமாகக் கார்டு பாயின்டை அங்கே மாற்றினேன். போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. கடைசிப் பொத்தானை அழுத்தியதும் பிழை. போன் செய்தால், அந்த சீட் உண்மையில் இல்லை, திரையில் மட்டும் தெரிகிறது என்றார்கள். பேய் சீட் என்றுதான் இதைச் சொல்கிறார்கள். மாற்றிய பாயின்ட் திரும்பி வராது. ஒரு முறை போனால் போனதுதான். அந்தப் பாயின்ட் முழுதும் எனக்கு உபயோகமில்லாத திட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இந்த முறை அதே விமானத்தை அதே கூட்டணியின் இன்னொரு திட்டத்தில் தேடினேன். அங்கேயும் இருந்தது. பிறகு போன். எந்தத் திட்டத்தில் வாங்கப் போகிறேனோ அங்கே கூப்பிட்டு விமான எண்ணையும் தேதியையும் சொல்லி, "உங்கள் திரையில் இரண்டு பேருக்குத் தெரிகிறதா?" என்று கேட்டேன். தெரிகிறது என்றார் அந்தப் பெண். அதற்குப் பிறகுதான் பாயின்டை மாற்றினேன். சில நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

மீதித் துண்டுகளைக் கோப்பதற்கும் அவர்தான் உதவினார். எங்கள் ஊரிலிருந்து வியன்னா வரை நான் தனியாகப் பார்த்து வைத்திருந்த விமானம், முழுப் பயணமாகத் தளத்தில் தேடும்போது வரவே இல்லை. இது அடிக்கடி நடக்கும். தனியாகத் தெரியும் சீட் இணைப்போடு தேடினால் மறையும், சில நேரம் தலைகீழாகவும் நடக்கும். ஒவ்வொரு துண்டாக எண்ணைப் படித்தேன், அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. பொறுமையாக இருந்தார், நானும் கையில் எல்லா எண்களையும் தேதிகளையும் எழுதி வைத்திருந்தேன். போன் செய்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள்.

வாங்கும் முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். 'பிசினஸ்' என்று ஒரு விலை தெரிந்தால் எந்தத் துண்டு பிசினஸ் என்று விரித்துப் பாருங்கள். சில நேரம் ஒன்றரை மணி நேர விமானம் பிசினஸாகவும், பத்து மணி நேரம் எகானமியாகவும் இருக்கும். மொத்தத்துக்கும் பிசினஸ் பாயின்டைக் கேட்டிருப்பார்கள். ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களில் பிசினஸ் என்றால் பெரும்பாலும் அதே எகானமி இருக்கைதான், நடு சீட் காலியாக விட்டிருப்பார்கள். அம்மாவின் காலுக்கு அதனால் பெரிய பிரயோஜனமில்லை. அடுத்தது விமானத்தின் வகை. ஒரே நிறுவனத்திலேயே ஒன்றில் எல்லா சீட்டுக்கும் நடைபாதை இருக்கும், இன்னொன்றில் ஜன்னல் பக்கம் இருப்பவர் எழ வேண்டுமானால் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்ட வேண்டும். முழங்கால் வலி உள்ளவரைக் கூட்டிப் போகும்போது சீட் வரைபடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

போகும் பயணம் நல்லபடியாக முடிந்தது. அம்மா ஆறரை மணி நேரம் தூங்கினாள். நான் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செருப்பு நுழைந்தது.

திரும்பி வருவதற்கு அந்த நேரத்தில் பிசினஸ் கிடைக்கவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் பிரீமியம் எகானமியில் இரண்டு சீட்டைப் பாயின்டில் வாங்கி வைத்துவிட்டேன். ரத்து செய்தாலோ மாற்றினாலோ எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். எனக்குத் தாங்கக்கூடிய தொகைதான். கையில் ஒரு டிக்கெட் இருந்தால் கடைசி இரண்டு வாரத்துக்காக நிம்மதியாகக் காத்திருக்கலாம். அண்ணன் வீட்டில் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். சுழியம், சுழியம், ஒரு நாள் 1, மறுநாள் மறுபடி சுழியம். புறப்பட ஆறு நாள் இருக்கும்போது 2 வந்தது, அதே விமானத்தில்.

மாற்றி முடித்துவிட்டு ஹாலுக்குப் போனேன். அம்மா அண்ணன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது என்றேன்.

"படுக்கிற சீட்டாடா?"

"ஆமாம்மா."

"அப்படின்னா போன தடவை மாதிரி ஜன்னல் பக்கமே போடு" என்றாள், பின்னலில் இருந்து கண்ணை எடுக்காமல்.